மாமா வேலை பார்த்த பூங்கா

தஞ்சாவூருக்கு வெளியே தாவரவியல் பூங்கா திறந்த புதிதில் அங்கே செடிகளைவிடப் பெயர்ப்பலகைகள்தான் பெரியவையாக இருந்தன. முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி நிற்கும். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை நின்று அந்தக் குச்சியின் தமிழ்ப் பெயர், வாயில் நுழையாத இன்னொரு பெயர், அது எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்பதையெல்லாம் விவரமாகச் சொல்லும். நிழலுக்கு ஒதுங்க இடமில்லாமல் பலகையின் நிழலில் நின்றுவிட்டு வந்ததாக என் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். ஆனாலும் ஊரே போனது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மரமும் செடியும் புதிதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற மரம்தான் புதிது.

நான் மட்டும் போகவில்லை. அதில் எனக்குப் பெரிய குறை, ஏனென்றால் அந்தப் பூங்காவில் சூப்பர்வைசரே என் மாமாதான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் யாராவது பூங்காவைப் பற்றி ஆரம்பித்தால், "அது எங்க மாமா பூங்கா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். "அப்ப நீ ஏன் இன்னும் போகல?" என்று கேட்டால், வீட்டில் வந்து நச்சரிப்பேன். "இன்னும் வேல முடியல பாப்பா. கள்ளிச் செடியெல்லாம் வரட்டும், மாமாவே கூட்டிட்டுப் போறேன்" என்பார் மாமா. கள்ளி வந்தது. தாமரைக் குளம் முடியட்டும் என்றார். குளமும் முடிந்தது. அப்புறம் வெயில் தணியட்டும் என்றார். தஞ்சாவூரில் வெயில் தணிவதற்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பூங்கா வேலைக்கு வருவதற்கு முன் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புல்லட்டின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலை தொங்கும். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பி, தானே அரிவாளால் சீவி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பார். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எதையும் அளந்து பேசுகிறவர். மாமா வந்துவிட்டுப் போனால் இரண்டு நாளைக்கு அப்பாகூடக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவதாக அம்மா கேலி செய்வாள்.

பிறகு ஒரு பெரும்புயல் வந்தது. ஒரே ராத்திரியில் தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. பாதை திறந்ததும் நாங்கள் போய்ப் பார்த்தோம். அத்தனை மரங்களும் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன, யாரோ உட்கார்ந்து அடுக்கி வைத்ததுபோல. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ வேடிக்கையாக இருந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவித் தாவிப் போனேன். மாமா திட்டவில்லை. "வழுக்கும் பாப்பா, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

புதிதாகத் தென்னை வைத்தாலும் காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை சாப்பிட வேண்டும். மாமாவின் மனைவி கைக்குழந்தையோடு பேராவூரணியில் தாய்வீட்டுக்குப் போனாள். மாமா வேலை தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புல்லட்டில் வரவில்லை. தோளில் ஒரு பையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட்டின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

எங்கள் வீடு சின்ன வீடு. மாமா கூடத்தில் படுத்துக்கொண்டார். காலையில் நாங்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். அப்பா அவரிடம் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. ஆனால் அப்பா பேசாததையும் சேர்த்து அம்மா காதில் வாங்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு எங்க போனாப்ல?" என்று அப்பா சாதாரணமாகக் கேட்டால்கூட, "அவன் என்ன சும்மாவா சுத்துறான், நாலு எடத்துல சொல்லி வச்சிருக்கான்" என்று அவசரமாகச் சொல்வாள்.

ஒருநாள் சாயங்காலம் மாமா அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

"அக்கா, புதுசா பூங்கா கட்டுறாங்கல்ல, அதுல சூப்பர்வைசரா எடுத்துக்கிட்டாங்க. காண்ட்ராக்ட்தான். இருந்தாலும் பரவால்ல."

அம்மா அல்வாவைக் கையில் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் மாமாவுக்கு இரண்டு முழுக்கைச் சட்டை எடுத்துவந்தாள். பால்காரர், மாடிவீட்டு டீச்சர், என் பள்ளிக்கூட ஆட்டோக்காரர் என்று யாரும் விடுபடவில்லை. எல்லாருக்கும் செய்தி போயிற்று. மாமா சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, டிபன் டப்பாவோடு காலையில் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து நிற்பாள்.

மாமாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. ராத்திரி சாப்பாட்டு நேரம் என்றால் பூங்காக் கதைதான். ஊட்டியிலிருந்து ஒரு செடி வந்ததாம், லாரியை விட்டு இறக்கியதுமே நம் ஊர் வெயிலைப் பார்த்து மயக்கம் போட்டுவிட்டதாம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்று வந்ததாம், அடிமரம் பானை வயிறு மாதிரி இருக்கிறதாம், பெரிய அதிகாரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றையும் தட்டிப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

"அந்தப் பக்கம் பூரா செம்பாறை அத்தான்" என்று அப்பாவிடம் சொல்வார். "மம்முட்டி எறங்காது. கடப்பாறையால போட்டா நெருப்பு பறக்குது. ஒரு குழிக்கு ரெண்டு பேரு அரை நாள் நிக்கணும். முத அடி கெட்டி, அதுக்குக் கீழ கொஞ்சம் பொலபொலன்னு வரும், மறுபடியும் கெட்டி. நம்ம பசங்க பாவம், கையெல்லாம் கொப்புளம்."

'நம்ம பசங்க' என்று அவர் சொன்னது தன் கீழே வேலை பார்த்த ஆட்களை. மண்ணின் இரண்டாவது அடி எப்படி இருக்கும் என்பது நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, தோண்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் சொல்லவில்லையோ என்னவோ.

நாங்கள் பூங்காவுக்குப் போனது என் அத்தையால். அத்தை அப்பாவின் அக்கா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நல்ல நஞ்சை உள்ள இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாய்க்கால் தண்ணீர் பாயாத ஊரை ஊர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் வருகிறாள் என்றால் அம்மா இரண்டு நாள் முன்னதாகவே வீட்டை ஒட்டடை அடிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்து இறங்கினாள். மாமா அதற்குள் வேலைக்குப் போயிருந்தார், அங்கே ஞாயிறுதான் கூட்டம். காப்பியைக் குடித்துவிட்டு அத்தை கேட்ட முதல் கேள்வி, "ஒன் தம்பி இன்னும் இங்கதான் இருக்கானா?"

அம்மா நிமிர்ந்தாள். "அவன் பூங்காவுல சூப்பர்வைசரா இருக்கான் அண்ணி. புதுசா தெறந்தாங்கல்ல, அங்க. வாங்களேன், இன்னிக்கே போய்ப் பாத்துட்டு வருவோம்."

அப்பா பேப்பரைத் தாழ்த்தி அம்மாவைப் பார்த்தார். "அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாமே" என்றார்.

"தம்பி வேல பாக்குற எடத்துக்குப் போக என்னத்த சொல்றது" என்றாள் அம்மா. நான் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

பஸ்ஸில் போய் இறங்கினோம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் அப்பாவை முந்திக்கொண்டு அம்மா மாமாவின் பெயரைச் சொன்னாள். "எங்க தம்பிதாங்க, இங்க சூப்பர்வைசர்."

உள்ளே இருந்த பையன் யோசித்தான். "சூப்பர்வைசர் ஒரு மேடம்ங்கம்மா" என்றான்.

"ரெண்டு மூணு பேரு இருப்பாங்க" என்று அப்பா சொல்லிக்கொண்டே அம்மாவை மெல்ல நகர்த்திவிட்டு டிக்கெட்டை வாங்கினார். "ஸ்டாஃப் வீட்டு ஆளுங்கன்னா சும்மா விடுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. அம்மா அது காதில் விழாததுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

உள்ளே வெயில் கொளுத்தியது. செம்மண் பாதைகள் வளைந்து வளைந்து போயின. இரண்டு பக்கமும் குச்சிகளும் பலகைகளும். கள்ளிச் செடிகளுக்கு மட்டும் அந்த வெயில் பிடித்திருந்ததுபோல் தெரிந்தது. விசிறி வாழை என்று எழுதிய இடத்தில் அத்தை நின்றாள். நல்ல உயரமான செடி, விரித்த விசிறிபோல இலைகள். "வாழையப் பாக்குறதுக்குக் கும்மோணத்துலேர்ந்து வரணுமா?" என்றாள். அது வாழையே இல்லை என்று பலகையில் எழுதியிருந்ததை அப்பா படித்துக் காட்டினார். "வாழை இல்லாததுக்கு ஏன் வாழைன்னு பேரு வச்சான்?" என்று அத்தை அடுத்த பாதைக்குத் திரும்பினாள். அம்மா மட்டும் ஒவ்வொரு செடியாக நின்று பார்த்தாள். பாத்தி கட்டியிருக்கும் அழகைச் சொன்னாள். ஒரு மூங்கில் புதரைக் காட்டி, "இதெல்லாம் அவன் சொல்லி வச்சதுதான்" என்றாள்.

நட்சத்திர வனம்தான் எல்லாருக்கும் பிடித்த இடம். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒரு மரம் என்று வட்டமாக வைத்திருந்தார்கள். வந்த குடும்பங்களெல்லாம் தங்கள் நட்சத்திரத்தைத் தேடி, கன்றுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. அப்பாவுக்கு மகம், ஆலங்கன்று. அத்தைக்குப் பூசம், அரசு. அரசமரத்தடி என்று போய் நின்றால் அது அத்தையின் இடுப்புக்குக்கூட வரவில்லை. எனக்கு அனுஷம். மகிழம் எங்கே என்று தேடிக்கொண்டு நான் வட்டத்தின் மறுபக்கம் ஓடினேன்.

அந்தப் பக்கம் நாற்றுகள் வைக்கும் கொட்டகை இருந்தது. நான்கு பக்கமும் பச்சை நிழல்வலை கட்டியிருந்தார்கள். வெளியே வெளிச்சமாக இருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வலையில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள் எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய கைலி, பூங்காக்காரர்கள் கொடுத்த பச்சைப் பனியன், வெறுங்கால். இளவயதுப் பெண் ஒருத்தி கையில் அட்டையோடு, "அண்ணே, குளத்துக்கிட்ட குழி அப்படியே கெடக்கு பாருங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனாள். "சரிங்க மேடம்" என்றார் அந்த ஆள். குரலைக் கேட்டதும்தான் எனக்குத் தெரிந்தது.

"மாமா" என்றேன் மெதுவாக.

அவர் திரும்பினார். வலைக்கு வெளியே நிற்கிற என்னைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கூடையை இறக்கி வைத்தார். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்து, உதட்டின்மேல் விரலை வைத்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நாங்கள் வந்தோம், அவர் எங்களுக்கு விளையாட்டுக் காட்டுகிறார். நானும் உதட்டின்மேல் விரலை வைத்தேன். மாமா தொட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் போய்க் குந்தினார். சூப்பர்வைசர் ஏன் எருக்கூடை தூக்குகிறார், ஏன் கைலியில் இருக்கிறார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. வேஷம் போட்டால்தானே விளையாட்டு.

நான் திரும்பி ஓடுவதற்குள் மூன்று பேரும் அங்கேயே வந்துவிட்டார்கள். பூங்கா முழுவதற்கும் அந்தக் கொட்டகையின் பக்கத்தில்தான் கொஞ்சம் நிழல். வலையை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு. "அம்மாடி" என்று அத்தை அதில் உட்கார்ந்து பையிலிருந்து முறுக்கை எடுத்தாள். அம்மாவும் உட்கார்ந்தாள். அப்பா நின்றார். மாமா அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். சிரிப்பை அடக்க முறுக்கை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன்.

"எங்க ஒன் தம்பிய? இவ்ளோ நேரமா சுத்துறோம், கண்ணுலயே காணும்" என்றாள் அத்தை.

"பெரிய எடம் அண்ணி, எந்தப் பக்கம் நிக்கிறானோ."

"ஒரு போனப் போடு. வரட்டும். பாத்துட்டுப் போவோம்."

அப்பா, "வேல நேரத்துல எதுக்கு" என்றார். ஆனால் அம்மா ஏற்கெனவே போனைக் காதில் வைத்துவிட்டாள்.

மாமாவின் போனில் எப்போதும் கெட்டிமேளம்தான். அவர் கல்யாணத்தின்போது வைத்தது, மாற்றவே இல்லை. அந்தக் கெட்டிமேளம் இப்போது வலைக்குப் பின்னால் திடீரென்று கிளம்பி, அதே வேகத்தில் அறுந்தது.

"யாருக்குக் கல்யாணம்?" என்று அத்தை திரும்பிப் பார்த்தாள்.

அம்மா திரும்பவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே குச்சிகளும் பலகைகளும் தவிர ஒன்றுமில்லை. அப்பா பக்கத்திலிருந்த பலகைக்குப் போய் அதைப் படிக்க ஆரம்பித்தார். பிறகு, அணைந்துபோன போனில் பேச ஆரம்பித்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள்.

"ஆங், சொல்றா... நாங்க இங்க பூங்காவுக்குத்தான் வந்தோம்... அப்படியா? ஆபீசரோட மீட்டிங்கா?... சரி சரி, நீ வரவேணாம், வேலையப் பாரு... நாங்க பாத்துக்கிறோம்... சரி, வச்சிர்றேன்."

போனைப் பைக்குள் போட்டாள். "பெரிய ஆபீசர் வந்திருக்காராம் அண்ணி. மீட்டிங்ல இருக்கான். அவன் இல்லாம நடக்காதாம்."

அத்தை முறுக்கை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

நான் மெல்ல நகர்ந்து போய் வலையில் கண்ணை வைத்தேன். மாமா ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பார், என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார் என்று நினைத்தேன். அவர் தொட்டிகளுக்கு நடுவில் போனைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தார். சிரிக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் இருந்த அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலால் வலையைச் சுரண்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப நேரம் குந்தியதில் கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வெயில் ஏறிட்டுது, கெளம்புவோம்" என்று அம்மா எழுந்தாள். தாமரைக் குளத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. மகிழங்கன்றையும் பார்க்கவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, வாசல்வரை வேகமாக நடந்தாள்.

சாயங்காலம் மாமா முழுக்கைச் சட்டையில், தலை சீவி, எப்போதும்போல் வந்தார். அத்தைக்கு ஏழு மணி பஸ். அம்மா எல்லாருக்கும் தோசை வார்த்து எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். மாமா கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வாங்கக்கா, எப்ப வந்தீங்க? நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன் தம்பி. மீட்டிங்கெல்லாம் முடிஞ்சுதா?" என்றாள் அத்தை.

மாமா ஒரு கணம் தட்டைப் பார்த்தார். "முடிஞ்சுதுங்கக்கா. ரொம்ப நேரம் இழுத்துட்டாங்க."

"ஞாயித்துக்கெழமகூட மீட்டிங் வைக்கிறாங்க பாரு" என்றார் அப்பா. அலுவலகத்தைப் பற்றிய எதையும் வீட்டில் பேசாத அப்பா, அதிகாரிகள் எப்படியெல்லாம் படுத்துவார்கள் என்று அன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். மாமா "ஆமாங்க அத்தான்" என்று தலையாட்டினார். அம்மா கேட்காமலே மாமாவின் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைத் தொடவுமில்லை.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட அம்மாவோடு நானும் போனேன். பஸ் வரும் நேரத்தில் அத்தை அம்மாவின் பக்கம் குனிந்து, "ஒன் தம்பி கையப் பாத்தேன், ரொம்பக் காச்சுப் போயிருக்கு" என்றாள். "ராத்திரி தேங்கா எண்ணெயக் காச்சித் தடவிக்கச் சொல்லு. ஒழைக்கிறவன் கை, அதுக்கென்ன." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அத்தை வழக்கம்போல் எதையோ குத்திக் காட்டிவிட்டுப் போகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் யாராவது பேசியிருக்கலாம். அத்தை போயாயிற்று. நாங்கள் நாலு பேர்தான். அம்மா எண்ணெயைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாமாவின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. காலையில் அது வைத்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகும் மாமா தினமும் சட்டை போட்டுக்கொண்டு போய்வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கதை மட்டும் நின்றுபோயிற்று. "அந்தப் பானை வயித்து மரம் என்னாச்சு மாமா?" என்று நான் கேட்டால், "நல்லாருக்கு பாப்பா" என்பதோடு சரி. கொஞ்ச நாளில், கூத்தாநல்லூரில் ஒரு ஏஜெண்ட் பாய் வெளிநாட்டுக்கு விசா எடுத்துத் தருவதாக மாமா சொன்னார். எந்த ஊர், என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, "போனாத்தான் தெரியும்க்கா" என்றார். "இங்கயே இருந்து பாக்கலாமேடா" என்று அம்மா சொன்னாள். "இருக்கலாம்தான்" என்றார் மாமா. விமான நிலையத்துக்கு அப்பாதான் போனார். அம்மாவை வரவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். அலைச்சல் வேண்டாமாம்.

துபாயில் ஒரு ஓட்டலின் தோட்டத்தில் அவருக்கு வேலை. பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடுவது, மட்டை கழிப்பது. வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் போனுக்குப் பேசுவார். என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்பார். "அம்மாகிட்ட குடுக்கவா மாமா?" என்றால், "அக்கா வேலையா இருப்பா, அப்பறம் பேசுறேன்னு சொல்லு" என்பார். அம்மா சும்மாதான் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் அது கேட்கும். விடுமுறையில் வந்தால் பேராவூரணியில் இறங்கி, எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்து போவார். கை நிறையச் சாமான் கொண்டுவருவார். "வாடா" என்று முன்பெல்லாம் தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிட்ட அம்மா, "வாப்பா, உக்காருப்பா" என்று மெதுவாகச் சொல்வாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பரிமாறியதைச் சாப்பிட்டு, மணி பார்த்துக் கிளம்புவார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவர் அப்படி வந்தபோது, பஸ் நிலையத்தில் விட என் ஸ்கூட்டியில் ஏற்றிப் போனேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. டீ குடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அம்மாவோடு என்ன கோபம் என்று.

"கோவமெல்லாம் இல்ல பாப்பா." டீயை ஆற்றினார். "அன்னிக்குப் பூங்காவுல நீதான் பாத்தியே. எங்கக்காவுக்கு என்னயச் சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு. அவள நான் தப்பே சொல்லல. பொய்ய ஆரம்பிச்சது நானு. ஆனா அவ வாயால அதக் கேட்டப்ப, இனிமே இந்த வீட்டுல இருந்து அவளப் பொய் சொல்ல வைக்கக் கூடாதுன்னு ஆயிருச்சு. இப்பயும் அதே வேலதான் பாக்குறேன். அங்க யாருகிட்டயும் மறைக்க வேண்டியதில்ல. அவ்ளோதான்."

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"வெக்கமா?" என்றாள். "எனக்கா?" மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதான்டி சத்தமா பேசுனேன். அவன் காதுல விழணும்னுதான். அக்கா பாத்துக்கிறேன், நீ பயப்படாத, யாரும் ஒன்னயப் பாக்க விடமாட்டேன்னு. அது அவனுக்குப் புரியும்னு நெனச்சேன். சின்னதுலேர்ந்து அப்பாகிட்ட அடி வாங்காம எத்தன தடவ அவனக் காப்பாத்தியிருக்கேன், அது மாதிரின்னு நெனச்சுப்பான்னு."

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தானே மாமாவுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். சாப்பிட்டியா என்று கேட்டாள். அங்கே வெயில் எப்படி என்று கேட்டாள். குழந்தைக்குப் பரீட்சை முடிந்ததா என்று கேட்டாள். இப்போது சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை எப்படி எடுத்துப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான். மாமாவுக்கு அம்மா பார்த்துவிட்டது தெரியும். அம்மாவுக்கு மாமா உள்ளே இருந்தது தெரியும். அப்பாவுக்கு டிக்கெட் ஜன்னலிலேயே தெரிந்துவிட்டது. யாருக்குத் தெரியக்கூடாது என்று மூன்று பேரும் பாடுபட்டார்களோ அந்த அத்தைக்கும் தெரியும், தெரிந்ததில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. கூடத்தில் ஐந்து பேரும் ஒருவர் கை ஒருவர்மேல் படும்படி நெருக்கமாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்த வீட்டிலேயே பெரிய ரகசியம் ஒன்று என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமையில், தட்டுக்கு மேல் குனிந்து, யாருக்கும் தெரியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.